கருமபீடத்தின் இரு பக்கமும் ஏறும் குருதி அமுக்கம்

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வரும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு நகை அடகுப் பிரிவில் பணி. பெரும்போக நெல் விதைப்பு நெருங்கினால், செலவுக்கு நகை அடகு வைக்க வருவோரின் வரிசை வாசலைத் தாண்டும். நகையின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று யாராவது ஏசுவார்கள். "நான் ஒன்றும் காட்டாமல் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் தலையிடி. இது கட்டுப்பாடா, நடிப்பா?"

ஒரு சொல் காதில் விழுகிறது, அதற்கு மனம் ஒரு பொருள் கொடுக்கிறது, பிறகுதான் உடம்பு கொதிக்கிறது. மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா, உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புத் தொகுதி, அட்ரினலின், இதயத்துடிப்பு என்று நீளும் அந்த வரிசை பாடசாலையில் படித்ததுதான். முகம் கடைசி வாசல். அதை மட்டும் பூட்டினால் உள்ளே எரிவது அணைவதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கையைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைப் படத்தைச் சிலர் முகத்தில் எதுவும் காட்டாமல் பார்த்தார்கள். முகம் அமைதியானது, பரிவு நரம்புகளோ மேலும் முடுக்கம் பெற்றன.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த ஆய்வு. எமிலி பட்லர், குரோஸ் முதலியோர் 2003இல் வெளியிட்டது. முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக அமர்த்தி, மனதை வருத்தும் ஒரு படத்தைக் காட்டி, அதைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். சில இணைகளில் ஒருத்திக்கு மட்டும் இரகசியமாக, "உணர்ச்சியை வெளிக்காட்டாதே" என்று அறிவுறுத்தல். மற்றவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவளுடைய குருதி அமுக்கம் ஏறியது! மறைத்தது ஒருத்தி, ஏறியது எதிரில் இருந்தவளுக்கும். மறைப்பதிலேயே மனம் முழுவதும் போய்விட்டால், எதிரில் இருப்பவரின் பேச்சுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. பதில் காணாத உடம்பு அதைத் தாங்குவதில்லை.

ஒருமுறை ஐப்பசியில் அப்படியொரு வரிசையில் நான் நின்றிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் சிரிப்பு அசையவில்லை. பேனா மட்டும் தாளைக் கிழிக்குமளவுக்கு அழுந்தியது. முன்னால் நின்ற பெரியவர் சங்கிலி சுற்றிவந்த கைலேஞ்சியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் குரல் உயர்ந்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு எந்தப் பதிலும் இல்லை.

முகத்துக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது: பொருள் கொடுக்கும் இடம். "இவர் என்னை ஏசுகிறார்" என்பதை, "மழைக்கு முன் விதைக்க வேண்டுமே என்ற பயத்தில் கத்துகிறார்" என்று மாற்றிப் பாருங்கள். குரோஸின் ஆய்வில், படத்தை வேறு கோணத்தில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. நரம்புகளும் முடுக்கம் பெறவில்லை. தங்கை, இது நடிப்பல்ல. பெரியவரின் பயம் உண்மையானது, அதைக் கண்டுகொள்வதும் உண்மை. ஆனால் ஒருவர் உங்களை இழிவாகவே பேசினால், அதற்கு நல்ல பொருள் தேடாதீர்கள். "ஐயா, இப்படிப் பேச வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எப்போதும் சிரித்த முகம் வேண்டுமென்று ஊழியரிடம் கேட்கும் மேலதிகாரிகள்மேல் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. அவர்கள் கேட்பது கடைசி வாசலின் பூட்டை மட்டும்தான்.

தலையிடிக்கு அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி நாவூறு கழிக்கிறாராம். நாவூறு என்று ஒன்று இல்லை. மிளகாய் எதையும் இழுத்தெடுப்பதுமில்லை. ஆனால் சுற்றும்போது அம்மா, "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறாரே, அதை விட்டுவிடாதீர்கள். உளவியலாளர் மத்தியூ லீபர்மனின் குழு 2007இல் மூளைப் படங்களோடு காட்டியது இது: உணர்ச்சிக்கு ஒரு சொல் இட்டதும் அமிக்டலாவின் கிளர்ச்சி தணிகிறது. எரிச்சலா, அவமானமா, வெப்பியாரமா என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள்! நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் அமெரிக்காவில் நடந்தவை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், விதைப்புக் காலத்து வரிசையிலேயே இதை அளக்கலாம். குருதி அமுக்கமானி இரண்டு போதும்: ஒன்று எழுதும் கையில், மற்றது கைலேஞ்சி மடிக்கும் கையில்.