ஒலிம்பிக் படகில் ஓர் இருக்கை: கேனோ ஸ்பிரின்ட் தகுதிமுறை

நீச்சலிலும் தடகளத்திலும் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற ஒரு நேரான வழி உண்டு. குறிக்கப்பட்ட நேரத்துக்குள் தூரத்தைக் கடந்துவிட்டால் போதும். கேனோ ஸ்பிரின்ட் படகுப் பந்தயத்தில் அப்படியொரு நேரம் எங்கும் குறிக்கப்படவில்லை. எத்தனை நொடியில் வந்தார் என்பதைப் பொருட்படுத்தாமல், எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது இடம் பிடித்தார் என்பதை மட்டுமே இங்கே கணக்கில் கொள்கிறார்கள். அப்படிப் பிடித்த இடமும் துடுப்பு வலித்தவருக்கு உரியதாவதில்லை. அவருடைய நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கே போய்ச் சேருகிறது. இந்த இரண்டு விதிகளும் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீரின் இயல்பையும் படகின் அமைப்பையும் பார்த்தால், இரண்டுக்கும் தக்க காரணம் இருப்பது தெரியும்.

1936 பெர்லின் ஒலிம்பிக் முதல் பதக்கத்துக்காக நடந்துவரும் இந்தப் போட்டியில், அசைவற்ற நீரில் நேர்கோட்டுத் தடங்களில் படகுகள் பாய்கின்றன. கயாக்கில் வீரர் கால் நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் தட்டுள்ள துடுப்பால் இருபுறமும் வலிப்பார். கேனோவில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒற்றைத் தட்டுள்ள துடுப்பால் ஒரு பக்கம் மட்டுமே வலிப்பார். கயாக்கை ‘கே’ என்றும் கேனோவை ‘சி’ என்றும் குறித்து, பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையைச் சேர்ப்பது வழக்கம். கே-1 தனி ஆளுக்கானது, கே-4 நால்வருக்கானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200, 500, 1000 மீட்டர் தூரங்களில் ஆண்களுக்கு ஐந்தும் பெண்களுக்கு ஐந்துமாகப் பத்துப் பந்தயங்கள் நடந்தன.

நேரத்தை ஏன் அளவுகோலாகக் கொள்ளவில்லை? நீர்ப்பரப்பில் எழும் அலையின் வேகத்துக்கு ஆழம் ஒரு வரம்பு கட்டுகிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அந்த வரம்பு நொடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர், மூன்று மீட்டர் ஆழத்தில் 5.4 மீட்டர். பாரிஸில் ஆண்கள் கே-1 1000 மீட்டரை வென்ற செக் நாட்டு வீரர் யோசெஃப் தோஸ்தல் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 24 நொடியை ஒட்டியது. அதாவது அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 4.9 மீட்டர். படகின் வேகம் இந்த வரம்பை நெருங்கும்போது, அது தானே எழுப்பிய அலை அதைவிட்டு விலகிச் செல்ல முடியாமல் முன்பக்கத்தில் திரள்வதால் தடை கூடுகிறது. எனவே ஓர் ஏரி இன்னொன்றைவிட ஒரு மீட்டர் ஆழம் குறைந்திருந்தால், அதே உழைப்புக்கு வேறு நேரம்தான் கிடைக்கும்.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. நீரின் வெப்பம் 10 பாகையிலிருந்து 25 பாகைக்கு உயர்ந்தால் அதன் பிசுபிசுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. படகின் மேற்பரப்பில் ஏற்படும் உராய்வும் அதனால் சில விழுக்காடு தளர்கிறது. காற்று இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி. பின்னிருந்து வீசினால் நொடிகள் குறையும். எதிரே வீசினால் கூடும். இந்தக் காரணங்களால்தான் சர்வதேச கேனோ சம்மேளனம் ‘உலகச் சாதனை’ என்று எதையும் பதிவுசெய்யாமல், ‘உலகின் சிறந்த நேரம்’ என்று மட்டும் குறிக்கிறது. ஒரே நீரில், ஒரே காற்றில், ஒரே வேளையில் அருகருகே போட்டியிட்டவர்களின் வரிசைதான் நம்பத்தக்கது. அந்த வரிசையைப் படகின் மூக்கு முடிவுக்கோட்டைத் தொடும் கணத்தில் எடுக்கும் படம் தீர்மானிக்கிறது. பாரிஸில் பெண்கள் சி-1 200 மீட்டரில் கனடாவின் கேட்டி வின்சென்ட் அமெரிக்காவின் நெவின் ஹாரிசனை வென்றது நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில்தான்.

இனி இடங்களின் கணக்குக்கு வருவோம். பாரிஸில் கேனோ ஸ்பிரின்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை மொத்தம் 236 இடங்கள். அவற்றுள் பெரும்பகுதி, 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலேயே பங்கிடப்பட்டுவிட்டது. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டின் உலக சாம்பியன்ஷிப் வேறெந்த ஆண்டையும்விடப் பதற்றமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பதற்றம் தங்கப் பதக்கப் பந்தயத்தோடு முடிந்துவிடுவதில்லை. கே-4 பிரிவில் முதல் பத்துப் படகுகளுக்கு ஒலிம்பிக் இடம் உண்டு. ஆனால் பந்தய நீர்ப்பரப்பில் உள்ள தடங்களோ ஒன்பது. இறுதிப் பந்தயத்துக்கு வந்த ஒன்பது படகுகளுக்கு அடுத்ததாக நிற்கும் பத்தாவது படகு எது என்பதை, பதக்கமே இல்லாத ‘பி’ இறுதிப் பந்தயம் முடிவுசெய்கிறது. அதில் முதலாவதாக வருவதற்கும் இரண்டாவதாக வருவதற்கும் இடையே நான்கு பேரின் ஒலிம்பிக் வாய்ப்பு தொங்குகிறது. அதை வென்ற பிறகும் நிம்மதி உறுதியில்லை. தகுதிபெறும் கே-4 படகுகளில் குறைந்தது நான்கு கண்டங்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உள்ளது. ஐரோப்பியப் படகுகளே வரிசையை நிரப்பிவிடும் இந்த விளையாட்டில், அந்த விதி பின்வரிசைப் படகின் இடத்தை வேறொரு கண்டத்துக்குத் திருப்பிவிடக்கூடும். என் பார்வையில் முழுச் சாம்பியன்ஷிப்பிலும் தவறவிடக் கூடாத பந்தயம் அந்த ‘பி’ இறுதிதான்.

இன்னொரு நுட்பம், ஒருவரை ஒரு முறைதான் எண்ணுவார்கள் என்பது. நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் டுயிஸ்பர்க்கில் கே-1 500 மீட்டரையும் வென்றார். கே-4 500 மீட்டரில் வென்ற படகிலும் இருந்தார். இத்தகைய நிலையில் பெரிய படகின் இருக்கையே கணக்கில் சேரும். தனிப்படகில் அவர் வென்ற இடம் வரிசையில் அடுத்துள்ளவருக்கு நகரும். அதனால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. ஏதோ ஒரு வழியில் ஒலிம்பிக் இடம் பெற்றவர், தம் நாடு அனுமதித்தால் வேறு பந்தயங்களிலும் இறங்கலாம். பாரிஸில் கேரிங்டன் கே-1, கே-2, கே-4 ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

கே-4 தவிர்த்த பந்தயங்களில் ஒரு நாடு இரண்டு படகுகள் வரை நிறுத்தலாம் என்பதும் இதன் தொடர்ச்சியே. கணக்கில் ஏற்கெனவே சேர்ந்த வீரர்களைக் கொண்டே இரண்டாவது படகை அமைக்க முடியும். பெண்கள் கே-2 500 மீட்டரில் ஹங்கேரி இதை நன்கு பயன்படுத்திக்கொண்டது. அதன் ஒரு படகு வெள்ளி வென்றது. மற்றொன்று ஜெர்மனியுடன் ஒரே கணத்தில் கோட்டைத் தொட்டு வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டது. நால்வர் படகில் தகுதிபெற்ற நாட்டுக்குச் சிறிய படகுகளின் கதவும் திறந்துவிடுவதால், வலிமையான நாடுகள் முதலில் கே-4 குழுவைத்தான் கட்டமைக்க முனைகின்றன.

உலக சாம்பியன்ஷிப்பில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கண்டத் தகுதிப் போட்டிகள் உள்ளன. பாரிஸுக்கான ஆசியப் போட்டி 2024 ஏப்ரலில் டோக்கியோவிலும், ஐரோப்பியப் போட்டி மே மாதத்தில் ஹங்கேரியின் செகெட் நகரிலும் நடந்தன. இங்கே கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. போட்டியை நடத்தும் நாட்டுக்கும், சிறிய அணிகளை அனுப்பும் நாடுகளுக்கும் தனியே சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

இடம் நாட்டுக்கே சேரும் என்ற விதியைக் குழுப் படகுகளைப் பொறுத்தவரை நான் முழுமனதாக ஏற்கிறேன். தகுதிப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் இடையே ஓராண்டு வரை கழிகிறது. அதற்குள் ஒருவர் காயமடையலாம். இன்னும் விரைவான இளைஞர் ஒருவர் உருவாகலாம். கே-4 படகில் நால்வரின் துடுப்பும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி ஒரே கணத்தில் வெளியேற வேண்டும்; ஒருவர் சற்றே பிந்தினாலும் மற்ற மூவரின் உந்துதல் வீணாகும். இருக்கைகளை மாற்றிப் பார்த்து, பொருத்தமான நால்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயிற்சியாளருக்கு இருப்பது அவசியம். தனிப்படகின் நிலை வேறு. அங்கே தம் கைவலிமையால் மட்டுமே இடத்தைப் பெற்றுத் தந்தவர், அடுத்த கோடையில் உள்நாட்டுத் தேர்வுப் பந்தயத்தில் மீண்டும் வென்றால்தான் அதே இடத்தில் அமர முடியும் என்ற நிலை பல நாடுகளில் உள்ளது. ஒரு மோசமான காலை அவருடைய ஓராண்டு உழைப்பைப் பறித்துவிடலாம் என்பதால், தனிப்படகுகளுக்கு மட்டுமாவது பெயருடன் இடம் தருவதைச் சம்மேளனம் பரிசீலிக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஒரு நாடு தனக்குக் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டால், தகுதியுள்ள அடுத்த நாட்டுக்கு அது மறுபங்கீடு செய்யப்படுகிறது. இதற்கான அறிவிப்புகள் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்புகூட வரலாம் என்பதால், தகுதிக்கோட்டுக்கு ஓர் இடம் பின்னால் நின்றவர்கள் அதுவரை பயிற்சியைக் கைவிடுவதில்லை.