பேட்ச்: ஒரு போறணைச் சொல்லுக்குத் தமிழ்

கம்பஸில் "நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்கிறோம். மருந்துப் பெட்டியில் பேட்ச் நம்பர் பார்க்கிறோம். இப்போது ஆபீஸ் பயிற்சிகளில் "பேட்சிங்" என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரே மாதிரியான வேலைகளைச் சேர்த்து, ஒரே இருப்பில் செய்து முடிப்பதுதான் அது. முதல் இரண்டுக்கும் தமிழ் கிடைத்துவிடும். மூன்றாவதற்குத்தான் சொல் நழுவுகிறது. ஏனென்று அறிய மூலத்தைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் சுடுவதைக் குறிக்கும் "பேக்" என்ற வினையின் உறவுதான் பேட்ச். அதன் முதற்பொருள், ஒரு தடவையில் சுட்டெடுக்கும் ரொட்டியின் அளவு. நம் பேச்சில் சொன்னால் "ஒரு போறணை பாண்". போறணையும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தாம். ஃபோர்னோ என்ற அவர்களின் அடுப்பு நம் வாயில் போறணையாகிவிட்டது.

விறகுப் போறணையில் முதலில் உள்ளேயே தீ மூட்டி, தளமும் சுவரும் சூடேறிய பின் தணலை வாரி வெளியே தள்ளுகிறார்கள். பிறகுதான் பாண் உள்ளே போகும். நேரமும் விறகும் பெரும்பாலும் அந்தச் சூடேற்றத்தில்தான் செலவாகின்றன. ஒரு பாணுக்கும் அதே தீ, போறணை நிறைய வைத்தாலும் அதே தீ. ஆகவே பேட்ச் என்பது வெறும் குவியல் இல்லை, ஒரு சூட்டில் அடங்குவது.

கணினியிலும் கதை இதுதான். 1950களில் துளையட்டையில் வந்த ஒவ்வொரு வேலைக்கும் இயந்திரத்தைப் புதிதாக ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. கணக்கு ஓடும் நேரத்தைவிட ஆயத்த நேரம் கூடிப்போவதும் உண்டு. அதனால் வேலைகளை அடுக்கி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரமே எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். 1956இல் ஐபிஎம் 704 என்ற கணினிக்கு ஜெனரல் மோட்டர்ஸும் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷனும் எழுதிய இயக்குதளம் இதற்குத்தான்.

மனித மூளைக்கும் சூடேற்றம் உண்டு. ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போனாலும் கவனத்தின் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் காட்டினார். "கவன எச்சம்" என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இனி தமிழ். "தொகுதி" பாடப்புத்தகச் சொல். ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம்: சமிபாட்டுத் தொகுதி, தேர்தல் தொகுதி. "தொகுப்பு" சேர்த்து வைத்ததைச் சொல்லும், சூட்டைச் சொல்லாது. அச்சு அசலாகப் பொருந்துவது "ஈடு". தமிழ்நாட்டில் "இன்னும் ஒரு ஈடு இட்லி ஊத்து" என்பார்கள். சுடு சூடானது போல இடு ஈடானது. ஒரு தடவை இட்டு எடுப்பது. கேட்கவே ஆசையாக இருக்கிறது. இலங்கையில் மட்டும் ஈடு என்றவுடன் நகையும் அடகுக்கடையும் நினைவுக்கு வரும். எனவே இங்கே எழுதும்போது செயலுக்கு "இனஞ்சேர்த்துச் செய்தல்" என்பதே என் தேர்வு. "இனம்" என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது, பலர் சறுக்குவது அங்கேதான்.

எதை இனம் என்பது? தலைப்பு இனமல்ல, ஆயத்தம்தான் இனம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் "சம்பள விஷயம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு கூட்டல் கணக்கு, ஒரு கடிதம் மூன்றும் இருக்கலாம். அவை மூன்று இனம். அழைப்பை மற்ற அழைப்புகளோடும், கணக்கை மற்றக் கணக்குகளோடும் சேர்க்க வேண்டும். 3 நாள் செய்த வேலைகளைத் தாளில் குறித்து, பக்கத்தில் "எந்தக் கருவி, எந்த இடம், எந்த மனநிலை" என்று எழுதினால் இனங்கள் தாமாகப் பிரியும்.

விடைத்தாள் திருத்துவதில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். 40 தாள், 5 கேள்வி என்றால், தாள் தாளாக அல்லாமல் முதற்கேள்வியை 40 தாளிலும் திருத்துங்கள். புள்ளித் திட்டம் ஒன்றே மனதில் நிற்கும். ஒரு பிள்ளை முதல் விடையை அழகாக எழுதிய மயக்கம் அடுத்த விடைக்குத் தாவாது. 5 தாள் ஆனதும் நிறுத்தி முதல் தாளைத் திரும்பப் பாருங்கள்; கை அதற்குள்தான் நிதானத்துக்கு வந்திருக்கும். இரண்டாம் கேள்விக்கு அடுக்கைத் தலைகீழாகப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் களைப்பில் விழும் புள்ளி எப்போதும் அதே பிள்ளைகளுக்குத்தான். கூட்டலைக் கடைசியில் தனியாகச் செய்யலாம்.

மின்னஞ்சலுக்கு நாளில் 3 வேளை போதும். 2015இல் குஷ்லெவும் டன்னும் வெளியிட்ட ஆய்வில் அப்படிப் பார்த்தவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது.

எல்லாவற்றையும் குவிக்கவும் கூடாது. பறித்த தேயிலைக் கொழுந்தை மாலையில் ஒரே தடவை எடை போட்டால் வேலை மிச்சமல்லவா? ஆனாலும் தோட்டங்களில் ஒரு நாளில் பல நிறுவை நடக்கிறது. பறித்த கொழுந்து சுவாசித்துக்கொண்டே இருக்கும். சாக்கில் அமுக்கி வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. கசங்கிய இலை வாட்டுமுன்பே சிவந்துவிடும். ஈட்டின் அளவை அடுப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, உள்ளே போகும் சரக்கும் தீர்மானிக்கிறது.

தோட்டத்தில் தொழிலாளரின் வருகையைப் பதியும் செக்ரோலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை 10ஆம் நம்பர் மலையில் யாருக்கு அரைப் பெயர், அதாவது அரை நாள் வேலைப் பதிவு, என்பது வெள்ளிக்கிழமை கணக்கப்பிள்ளைக்கும் நினைவிருக்காது. பெயர் அன்றன்றே விழ வேண்டும். கூட்டிச் சரிபார்ப்பதை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.