மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குக் கழுத்தில் கட்டி தோன்றினால்

தைராய்டு கட்டியிலிருந்து ஊசி மூலம் எடுக்கப்பட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாதிரியுடன் உள்ள படிவத்தில், பல நேரங்களில் 'கழுத்தில் வீக்கம்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது என்ற முக்கியமான செய்தி அதில் இருப்பதில்லை.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய உறுப்புகளுக்கே பரவுகிறது. தைராய்டுக்குப் பரவுவது அரிது. ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பியாக இருந்தும் அங்கே புற்றணுக்கள் எளிதில் தங்குவதில்லை. ரத்தம் விரைந்து பாய்வதும், ஆக்சிஜனும் அயோடினும் மிகுந்திருப்பதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குத் தோன்றும் தைராய்டு கட்டியும் சாதாரணக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றோ, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறது என்றோ அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. புற்றுநோய் பரவியிருந்தாலும் தைராய்டு ஹார்மோன் அளவுகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பரவி வந்த மார்பகப் புற்றணுக்கள் சில வேளைகளில் தைராய்டிலேயே தோன்றிய புற்றுநோயைப் போலவே காட்சியளிக்கும். பழைய நோய் பற்றித் தெரிந்தால்தான், தைரோகுளோபுலின், பேக்ஸ்-8 போன்ற தைராய்டு அடையாளப் புரதங்களுடன், காட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோன் வந்து இணையும் புரதம்) போன்ற மார்பகத்தைச் சுட்டும் அடையாளங்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றும். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. தைராய்டிலேயே தோன்றும் பாப்பிலரி வகைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டால் கதிரியக்க அயோடினும் தரப்படுகின்றன. பரவி வந்த நோய்க்கோ உடல் முழுவதையும் கருதி, ஹார்மோன் மருந்து, கீமோதெரபி, புற்றணுக்களில் ஹெர்-2 என்ற ஏற்பிப் புரதம் அதிகமாக இருந்தால் அதற்கான இலக்கு மருந்து என்று திட்டமிட வேண்டும்; மூச்சுக்குழாயைக் கட்டி அழுத்தும்போதோ, நோய் தைராய்டில் மட்டுமே இருக்கும்போதோ சுரப்பியை அகற்றுவது பற்றி மருத்துவக் குழு யோசிக்கும். பரவிய இடத்தில் ஏற்பிகளின் நிலை மாறியிருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் மீண்டும் சோதிப்பது அவசியம்.

ஆகவே பழைய பயாப்சி அறிக்கையையும் ஏற்பிச் சோதனை முடிவுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். கழுத்துக் கட்டிக்கு ஊசிச் சோதனை செய்ய வரும்போது, யாரும் கேட்காவிட்டாலும் அவற்றைக் காட்டி, படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்லைடுகளும் பாரஃபின் பிளாக்குகளும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டுகள்) கிடைக்குமானால், பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.