வீடு மாறும் மாதங்களில் ஓவியம்: என் மேஜைக்கு வரும் சேதங்கள் சொல்வது

சேதமான ஓவியங்களைச் சீர்செய்வது என் தொழில். அதோடு ஓவியமும் கற்றுக்கொடுக்கிறேன். இரண்டு வேலைகளிலும் நான் அடிக்கடி சந்திப்பது வீடு மாறுகிறவர்களை. பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, புதிய வீடு இன்னும் அமையவில்லை. நடுவில் உறவினர் வீட்டு அறை, நண்பர் வீட்டுக் கூடம், வாரக் கணக்கில் எடுத்த விடுதி அறை. சாமான்களெல்லாம் எங்கோ ஒரு கிடங்கில்.

இவர்களில் ஒரு சாரார், "வீடு அமையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தூரிகையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். வீடு அமைவதற்குள் கை விட்டுப்போகிறது. இன்னொரு சாரார் வழக்கம்போல எண்ணெய் வண்ணம், டர்பன்டைன், பெரிய கேன்வாஸ் எல்லாவற்றையும் அந்தச் சின்ன அறைக்குள் கொண்டுபோகிறார்கள். அங்கே ஓவியம் கெடுகிறது, சில சமயம் உடம்பும் கெடுகிறது. சொந்த வீட்டில் எதைக் கொண்டு வரைந்தோமோ அது மட்டும்தான் ஓவியம் என்ற பிடிவாதம் இருவரிடமும் இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: வீடு இல்லாத மாதங்களில் வரைவதை நிறுத்த வேண்டியதில்லை, எதைக் கொண்டு வரைகிறோம் என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் தம் வாழ்நாளில் 93 முறை வீடு மாறினார் என்று சொல்வார்கள். எண்ணிக்கை முன்னே பின்னே இருந்தாலும் போகட்டும். மையும் தூரிகையும் காகிதமுமாகத் தரையில் உட்கார்ந்து வரைபவருக்கு இது முடியும். படத்தைத் தாங்கும் ஆளுயர ஈசல் சட்டமும் எண்ணெய்ப் புட்டிகளும் இல்லாமல் வரைய முடியாதவருக்கு மூன்றாவது வீட்டிலேயே அலுத்துவிடும். ஜெர்மனியிலிருந்து தப்பித் தென் பிரான்ஸில் தஞ்சம் புகுந்த யூத ஓவியர் சார்லட் சாலமன் 1940-க்கும் 1942-க்கும் இடையில் 700-க்கும் மேற்பட்ட குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) ஓவியங்களை வரைந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று அடிப்படை வண்ணங்களும் வெள்ளையும்தான் அவருடைய கையிருப்பு. தாள் ஒவ்வொன்றும் மடியில் வைத்து வரையக்கூடிய அளவு. ஜெர்மானியக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ் 1940-இல் பிரிட்டனின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பைப் பெயர்த்து அதன்மேல் உருவப்படங்கள் தீட்டினார். அவர்கள் பட்ட பாட்டையும் நாம் பெட்டி தூக்கும் சிரமத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அந்தந்த இடம் எதைத் தாங்குமோ அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தற்காலிக அறைக்கு எந்த வண்ணம் ஏற்றது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக் காலையே கிளம்பச் சொன்னால் இன்றிரவு வரைந்ததை எடுத்துக்கொண்டு போக முடியுமா? நீர்வண்ணமும் குவாஷும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அவற்றில் இருக்கும் நீர் ஆவியானதும் வேலை முடிந்தது. எண்ணெய் வண்ணம் அப்படி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாட்கள் ஆகும். தடித்த பூச்சு உள்வரை இறுக மாதங்கள் ஆகும். அதனால்தான் வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கச் சொல்கிறோம். 1890 மே மாதம் தென் பிரான்ஸின் சான் ரெமியை விட்டுக் கிளம்பிய வான்கோ, ஈரம் காயாத ஓவியங்களை அங்கேயே விட்டுப்போனார். அவை பின்னால்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. அவருடைய சில ஓவியங்களில் தடித்த வண்ண முகடுகள் நசுங்கி, மேலே அழுந்திய இன்னொரு கேன்வாஸின் நெசவு பதிந்திருப்பதைச் சீரமைப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள். காய்வதற்குமுன் அடுக்கியதன் விளைவு.

ஈரத்தைவிட எனக்குக் கவலை தருவது எண்ணெய் வண்ணத்தை நெகிழ்த்தவும் தூரிகை கழுவவும் பயன்படும் கரைப்பான்கள். சொந்த வீட்டில் வரைய ஒரு அறை, தூங்க ஓர் அறை. தற்காலிக இடத்தில் இரண்டும் ஒன்றுதான். டர்பன்டைன், மினரல் ஸ்பிரிட் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது; அது தரையை ஒட்டித் தங்கும். பாய் விரித்துத் தரையில் படுப்பவருக்கும், தவழும் குழந்தைக்கும், வளர்ப்புப் பிராணிக்கும் அதுவே மூச்சுக் காற்று. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் நிலைமை சட்டென்று மோசமாகலாம். "நான் வாசனையில்லாத தின்னர்தான் பயன்படுத்துகிறேன்" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். நீக்கப்பட்டது வாசனை தரும் பொருள்கள்தான். ஆவி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூக்கு எச்சரிக்காததால் ஆபத்து கூடுகிறது என்றே நான் சொல்வேன். எண்ணெய் வண்ணத்தை விடவே முடியாது என்பவர்கள் நீரில் கலக்கும் எண்ணெய் வண்ணத்துக்கு மாறலாம். அல்லது கரைப்பானை அடியோடு விட்டுவிட்டு, தூரிகையைச் சமையல் எண்ணெயில் அலசித் துடைத்துப் பிறகு சோப்பால் கழுவலாம். தூரிகை நன்றாகவே சுத்தமாகும். நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதி ஒரு பயனும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை உள்வாங்கும்போது வெப்பம் உண்டாகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். கசக்கி உருட்டிய துணிக் குவியலில் அது வெளியேற வழியில்லை. கூடிக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் துணி தானாகவே தீப்பற்றலாம். நெருப்புப்பொறி எதுவும் தேவையில்லை. வீடு காலி செய்யும் நாளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்: அவசர அவசரமாகத் துடைத்த துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, பையை அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியை வண்டியில் மெத்தைக்கும் சோபாவுக்கும் நடுவில் செருகுகிறோம். தீ மூட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. துணிகளைத் தண்ணீரில் முக்கி, இறுக மூடும் உலோக டப்பாவில் போட்டு, தீயணைப்புத் துறையோ குப்பை சேகரிப்பவரோ சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள். ஈரமான எண்ணெய்த் துணி ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது.

அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது நாகரிகமும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தூரிகை கழுவ அந்த வீட்டு டம்ளரை எடுக்காதீர்கள். காட்மியம், கோபால்ட் வகை வண்ணங்கள் உணவுப் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. அக்ரிலிக் கழுவிய நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் பிசின் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் தெளியவைத்து, அடியில் தங்கும் கசடைக் காயவைத்துக் குப்பையில் போடலாம்.

என் மாணவி ஒருவர் தங்கியிருந்த அறையில் கட்டிலைத் தவிர எதற்கும் இடமில்லை. சூட்கேஸைத் திறந்து அதன் மூடியைச் சுவரில் சாய்த்து வைப்பார். மூடியின் உள்பக்கத்து மீள்பட்டியில் ஒரு மெல்லிய பலகையைச் செருகினால் ஈசல் தயார். சூட்கேஸின் அடிப்பாகத்தில் ஒரு பழைய துண்டு, அதன்மேல் பில்லை வண்ணப் பெட்டி, மூடியுள்ள இரண்டு தண்ணீர்க் குப்பிகள். கதவைத் தட்டினால் மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். தாள் மட்டும் சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ளதாக, நான்கு விளிம்பும் ஒட்டிய தாள் அடுக்காக வாங்கச் சொன்னேன். நீர் பட்டால் மெல்லிய தாள்போல நெளியாது, பலகையில் நாடா ஒட்டி இழுத்துக் கட்டவும் வேண்டாம்.

அவர் சொன்ன பெரிய தொல்லை இடம் அல்ல, வெளிச்சம். தங்கும் அறைகளில் பெரும்பாலும் மஞ்சள் பல்புதான், சுமார் 2700 கெல்வின். அந்த வெளிச்சத்தில் நீலம் மங்கித் தெரியும். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்போம். பகலில் பார்த்தால் படம் முழுக்க நீலம் பாரித்திருக்கும். 5000 கெல்வின் அளவில், நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு (சிஆர்ஐ) 90-க்கு மேல் உள்ள ஒரு எல்இடி பல்பை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் அந்த அறையின் பல்பைக் கழற்றி இதை மாட்டுங்கள். கிளம்பும்போது பழையதை மறக்காமல் மாட்டிவிட்டு வாருங்கள். வீடு மாறுகிற ஓவியருக்கு இதைவிட உபயோகமான சாமான் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

எதை வரைவது? பாதியில் நின்ற பெரிய தொடரைத் தற்காலிக அறையில் தொடர முயல வேண்டாம். ஒளியும் தூரமும் மாறியபின் அது வேறு படமாகிவிடும். மூட்டை கட்டுவதற்கு முன்பே அதைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். பயன்படுத்திய கலவைகளை ஒரு கேன்வாஸ் துண்டில் பொட்டுப் பொட்டாக வைத்து, பக்கத்தில் நிறமியின் குறியீட்டையும் எழுதுங்கள். டியூபில் இருக்கும் அழகான பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறியீடு மாறாது. அல்ட்ராமரின் நீலம் எங்கே வாங்கினாலும் பிபி 29தான். ஆறு மாதம் கழித்து அந்த வானத்துக்கு எந்த நீலம் என்று யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். தங்கும் இடத்தில் உள்ளங்கை அகலப் படங்கள் போதும்: ஜன்னல், அடுக்கிய பெட்டிகள், தெரியாத வீட்டின் நாற்காலி. மனம் சரியில்லாத நிலையில் வீட்டைவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். திடீரென வெளியேற்றப்பட்டவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் தினமும் வரை என்று நான் சொல்வதில்லை. வண்ணப் பெட்டி மட்டும் கிடங்குக்குப் போகாமல் கைப்பையில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இனி கிடங்குக்குப் போகும் ஓவியங்கள். அண்மையில் என் மேஜைக்கு வந்த ஓர் அக்ரிலிக் படத்தின் நீலப் பரப்பு நேராகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. பபிள் ராப்பின் குமிழ்கள். அக்ரிலிக் என்பது ஒரு பிளாஸ்டிக். வெப்பத்தில் இளகும், இளகிய மேற்பரப்பில் எது அழுந்தினாலும் பதியும். அந்தத் தடங்களை எந்தக் கரைப்பானாலும் எடுக்க முடியாது. ஆகவே குமிழ் உறை ஓவியத்தின் முகத்தைத் தொடவே கூடாது. நான்கு மூலைகளிலும் தடித்த அட்டை முக்கோணங்கள் வைத்து, உறைக்கும் வண்ணத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். குளிரிலோ இதற்கு நேர்மாறு: அக்ரிலிக் விறைத்து, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தட்டினால் விரிசல் விடும் அளவுக்கு ஆகிவிடும்.

கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து உள்பக்கமாகச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணப்படலம் நெருக்கப்பட்டு மடிந்து உரியும். குழாயின் விட்டம் குறைந்தது ஒரு சாணாவது இருக்கட்டும். தடித்த பூச்சுள்ள படத்தைச் சுருட்டவே வேண்டாம். படங்களைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்; தரையில் நேரடியாக வைக்காமல் கட்டைமேல் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கிடங்கு எடுக்கும்போது வாடகையைக் கேட்பதோடு சுவரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கடைசியில் வீடு அமைந்து பெட்டி வந்து சேரும்போது உடனே பிரிக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழக ஒரு நாள் அப்படியே விடுங்கள். திறந்ததும் எண்ணெய் ஓவியத்தின் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகத் தெரிந்தால் பலர் பதறிப்போய் ஈரத்துணியை எடுக்கிறார்கள். சிலர் எலுமிச்சை, வெங்காயம் என்று யாரோ சொன்ன வைத்தியத்தில் இறங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சள் பாரிக்கும், வெளிச்சத்தில் பெருமளவு தெளியும். நேர்வெயில் படாத, நல்ல பகல் வெளிச்சமுள்ள சுவரில் சில வாரங்கள் மாட்டி வையுங்கள். அதன் பிறகும் மஞ்சள் நீங்கவில்லை என்றால், அல்லது வண்ணம் செதிலாக எழுந்திருந்தால், படத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, உதிர்ந்த துகள்களைக் குப்பையில் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து, ஓவியச் சீரமைப்புத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.