சனிக்கிழமைக்கு மணிக்கணக்கு உண்டு, மருந்துச் சீட்டுக்கு ஒரு வரி இல்லை

நாகர்கோவிலில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் சவுதியிலிருந்து லீவில் வந்தவர். மனைவியைப் பிரிந்தவர், மகன் அம்மாவிடம் இருக்கிறான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.) கோர்ட் அனுமதித்த சனிக்கிழமையில் மகனை முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பையனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி: இதற்கு முன்னால் வந்திருக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறான்? இவருக்கு இரண்டுமே தெரியவில்லை. "பம்ப்பு வீட்ல இருக்கு" என்று பையன்தான் இழுப்புக்கு நடுவே இன்ஹேலரைச் சொன்னானாம்.

"எனக்க பிள்ளைக்க சூக்கேடு எனக்கே தெரியாம போச்சே சார்."

அவர் கொண்டுவந்த உத்தரவைப் பிரித்தேன். எந்தச் சனி, எத்தனை மணி, எங்கே கொண்டுவந்து விட வேண்டும், எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ ஒரு வரியில்கூட இல்லை. அந்த சமரச மனுவை எழுதியது நானேதான்.

கஸ்டடி ஒருவருக்குப் போனதால் மற்றவர் பெற்றோர் இல்லை என்றாகிவிடாது. ஆனாலும் பள்ளியில் ரேங்க் கார்டு கேட்டால், "கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்கிறார்கள். பிரிந்த பெற்றோர் இருவருக்கும் ஆவணம் கொடு என்று நேரடியாகச் சொல்லும் சட்டப்பிரிவு நம்மிடம் இல்லாதபோது, எந்த ஹெட்மாஸ்டர் நடுவில் போய் மாட்டிக்கொள்வார்?

அதனால் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் கஸ்டடியோடு குழந்தையின் படிப்பு, பராமரிப்பு பற்றியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்பு வந்த பிறகும் மனு போடலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 41 முதல் 44 வரையான பிரிவுகள். ரேங்க் கார்டு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் இருவரும் நேரடியாகக் கேட்டு வாங்கலாம் என்று இப்போது பெயர் சொல்லியே எழுதுகிறேன். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இருவர் நம்பரும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். சின்ன விஷயம்தான், சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

டிசியை ஒளித்துவைத்து மிரட்டுவோரும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை, டிசி வரத் தாமதம் என்று அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அடி உதைக்குப் பயந்து வீடு மாறிப் போனவர்கள் விஷயம் வேறு. பள்ளி ரெக்கார்டில் புது முகவரி இருக்கும். அவர்களுக்காக ஆஜராகும்போது, முகவரியையும் போன் நம்பரையும் மறைத்துத்தான் நகல் தர வேண்டும் என்று கேட்பேன்.

கருங்கல்காரருக்கு மனு போட்டோம். மனைவி எதிர்க்கவே இல்லை. கோர்ட் வராந்தாவிலேயே மருந்துச் சீட்டின் ஜெராக்ஸை அவரிடம் நீட்டினார். "ராத்திரி ரெண்டு தடவ அடிக்கணும், மறக்கப்பிடாது."