பேட்மேனும் புழுங்கல் நெல்லும்

போன வாரம் நீடாமங்கலத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய வழக்கு. அக்காவின் மகன்கள் இருவருமே பேட்மேன் ரசிகர்கள். மூத்தவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், இளையவன் பிளஸ் ஒன். எந்தப் படத்தில் வந்த உடை உருப்படியான உடை என்பதுதான் தகராறு.

மூத்தவன் 2008 படத்தின் கட்சி. அதற்கு முன் வந்த உடைகளில் முகமூடியும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 1989 படத்தில் பேட்மேன் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றாலும் உடம்போடு திரும்ப வேண்டும். 2008 படத்தில் பேட்மேனாக வேடமிடும் புரூஸ் வெய்ன் அதை வாய்விட்டே கேட்பார், தலையைத் திருப்புகிற மாதிரி உடை வேண்டும் என்று. உடையும் கிடைக்கும். ஆனால் கவசத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்ததால் இடுக்கு வழியாகக் கத்தியும் குண்டும் இறங்கலாம் என்று அதைச் செய்து தந்தவரே எச்சரிப்பார். "அப்ப அது என்னடா கவசம்?" என்பது இளையவன் கேள்வி.

பேச்சு மேலங்கிக்குத் தாவியது. அதை விரித்துப் பறப்பாரே, அது நடக்குமா? இதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். 150 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து குதித்தால் சுமார் 350 மீட்டர் தூரம் மிதந்து போகலாம். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பைபாஸில் வரும் காரிலிருந்து குதிப்பதற்குச் சமம். பறக்கலாம், இறங்க முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் இளையவன் கேட்டான்: "மாமா, அதெல்லாம் இருக்கட்டும். ஆனி மாசத்துல நம்ம ஊர்ல இந்த டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?"

இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. விடை சுமார் இருபது நிமிடம். எப்படி என்று சொல்கிறேன்.

நம் தசைகள் தின்னும் ஆற்றலில் கால் பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஓடி, தாவி, உதைத்துச் சண்டை போடுபவருக்கு அது 700 வாட்டைத் தொடும். ஏறக்குறைய ஓர் இஸ்திரிப்பெட்டி. 80 கிலோ உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 280 கிலோஜூல் போதும். ஆக, அந்த 700 வாட்டில் கொஞ்சமும் வெளியேறாவிட்டால் 400 விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். 37-இல் தொடங்கியவர் இருபதாவது நிமிடத்தில் 40-இல் நிற்பார், ஆளைச் சாய்த்துவிடும் சூடு அது. வில்லன் ஒன்றும் செய்ய வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தால் போதும்.

வெப்பம் ஏன் வெளியேறாது? நம் தோல் சுமார் 35 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வெப்பம் தானாகவே வெளியே ஓடும். காற்று 36 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைந்துபோகிறது. காற்றே நம்மைச் சூடாக்கத் தொடங்கும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

வியர்வை ஆவியாவது பள்ளிப் பாடம்தான். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தோல்மேல் இருக்கும் நீரில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதிவேகமாக ஓடுபவைதான் பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றுக்குப் போகின்றன. வேகமானவை போய்விட்டால் மிஞ்சிய கூட்டத்தின் சராசரி வேகம் குறைகிறது. சராசரி வேகம் குறைவது என்றாலே குளிர்வது என்றுதான் பொருள். இப்படி ஒரு கிராம் வியர்வை போகும்போது சுமார் 2,400 ஜூலைச் சுமந்துகொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான்.

நுட்பம் இதற்கு அடுத்தது. காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீர் மூலக்கூறுகளும் சும்மா இருப்பதில்லை. அவையும் தோல்மேல் வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது, போனவை கொண்டுபோன அதே வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன. ஒரே வாசலில் போவோரும் வருவோரும். நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி என்பது போனவற்றில் வந்தவற்றைக் கழித்த மிச்சம் மட்டும்தான்.

இதை நீராவி அழுத்தத்தில் சொல்லலாம். 35 டிகிரித் தோலில் நீர் வெளியே தள்ளும் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். 44 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள பாலைக் காற்று திருப்பித் தள்ளுவது வெறும் 10. மிச்சம் 32. நம் டெல்டாவில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் காற்று திருப்பித் தள்ளுவது 27. மிச்சம் 15. வெயில் எட்டு டிகிரி குறைவு, ஆனால் வியர்வை உலர்வது பாதிக்கும் கீழே. "ராஜஸ்தான்ல 44 டிகிரியாம், நமக்கு 36-தானே" என்று டிவி பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்பவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ் இதை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. புழுங்குவது என்ற சொல்லிலிருந்துதான் புழுங்கல் அரிசியும் வருகிறது. ஊறவைத்த நெல்லை அண்டாவில் போட்டு, ஈரச் சாக்கால் வாயை மூடி அவிப்பார்கள். ஆவி வெளியே போகாமல் நெல்லுக்குள்ளேயே வெப்பத்தை இறக்கிவிடும்.

பேட்மேனுக்கு நடப்பதும் அதேதான். உடைக்கும் தோலுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனிதத் தோலின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். ஆக உள்ளே அடைபட்ட காற்று 9 லிட்டர். 35 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 0.04 கிராம். டெல்டாக் காற்று உள்ளே வரும்போதே 0.025 கிராமோடு வருகிறது. மிச்ச இடம் லிட்டருக்கு 0.015 கிராம், 9 லிட்டருக்கும் சேர்த்து 0.14 கிராம். சண்டை போடுபவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்க்கும், அதாவது விநாடிக்கு 0.28 கிராம். வகுத்துப் பாருங்கள்: அரை விநாடி! ஒரு முறை கண்ணை மூடித் திறப்பதற்குள் உடைக்குள் இருக்கும் காற்று நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு போகிற மூலக்கூறும் வருகிற மூலக்கூறும் சமம். வியர்வை ஊறும், வழியும், பூட்ஸுக்குள் தேங்கும். வழிந்து சொட்டும் வியர்வை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும்தான் எடுத்துக்கொண்டு போகும், வெப்பத்தை அல்ல.

"ராத்திரியிலதானே சண்டை போடுறார்?" என்றான் மூத்தவன். நல்ல கேள்வி. ஆனால் நம் ஊரில் இரவு 28 டிகிரிக்கு இறங்கும்போது ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு ஏறிவிடும். அழுத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 26. பகலில் 27. சூரியன் இல்லை, காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் லாபம். மூடிய உடைக்குள் அதுவும் எட்டாது.

கறுப்பு நிறம் வெப்பத்தை இழுக்குமே என்றான் இளையவன். பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று 1980-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்கியது உண்மைதான். ஆனால் தொளதொளவென்ற அந்த அங்கிக்குள் ஓடிய காற்று, தோலைத் தொடும் முன்பே அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வெள்ளை அங்கி போட்டவருக்கும் கறுப்பு அங்கி போட்டவருக்கும் உடம்பில் சேர்ந்த வெப்பம் ஒன்றுதான். நிறத்தைவிடத் தொளதொளப்பே முக்கியம்.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா நடவு முடிந்து வந்தார். அவர்களுக்கு மூன்று மா நிலம், குறுவைக்கு ஆட்களோடு அவரும் இறங்கி நடுவார். சேலைக்கு மேல் போட்டிருந்த அத்தானின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். டெல்டாவில் வயலுக்குப் போகும் பெண்களை யார் பார்த்திருந்தாலும் அந்தச் சட்டையைப் பார்த்திருப்பார்கள். நான் எழுந்து போய் அதை விரித்துப் பார்த்தேன். நைந்த பருத்தி, அவர் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிது. முதுகில் வெள்ளை வெள்ளையாக, அலை ஒதுங்கிய கரைபோல, வரி வரியாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு கக்கத்திலும் நாலு விரல் அளவுக்குத் தையலைப் பிரித்துவிட்டிருந்தார்.

அந்த உப்பு வரிகள்தான் சாட்சி. சொட்டிய வியர்வை உப்பையும் கொண்டுபோய்விடும். ஆவியான வியர்வை மட்டுமே உப்பைத் துணியில் விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு வரியும், ஈரம் அதுவரை பரவி அங்கே உலர்ந்தது என்பதன் எல்லைக்கோடு. அவர் குனிந்து நாற்றை ஊன்றி நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொளதொளச் சட்டை கொல்லன் பட்டறைத் துருத்திபோல விரிந்து சுருங்குகிறது. நிறைந்த காற்று கழுத்து வழியாகவும் கக்கம் வழியாகவும் வெளியே போக, புதுக் காற்று கீழிருந்து ஏறுகிறது. வெயிலும் படாது, நாற்றின் சுணையும் கையை அறுக்காது.

அப்படியும் நம் வயல்கள் ஆபத்தான இடம்தான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் தாங்க முடியாது என்று 2010-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, லேசான அசைவிலேயே 31-க்கு அருகில் உடம்பு தடுமாறத் தொடங்கிவிட்டது. மேலே சொன்ன நம் 36 டிகிரி நாளின் ஈரக்குமிழ் அளவு 29.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் நடவு வயலில் உச்சிவேளையில் சுருண்டு விழுந்தார். கண் செருகி, ஏதேதோ உளறினார். முனி அடித்துவிட்டது என்று வேப்பிலையும் திருநீறும் தேடி ஓடினார்கள். போர்செட் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர்தான் எல்லோரையும் விலக்கி, வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, இரண்டு பெண்களை முறத்தால் விசிறச் சொன்னார். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். உச்சிவேளை முனியை நம்புகிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. உச்சிவேளையில் ஏதோ ஒன்று ஆளை அடிக்கிறது என்று அவர்கள் கண்டது சரி. ஆனால் பூசாரிக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் உயிரைக் கொண்டுபோய்விடும். ஆள் வெயிலில் விழுந்து உளறினால் நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. 16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு, கைலியோடும் மூக்கில் கட்டிய துண்டோடும் மருந்து அடிப்பவரைப் பார்த்து, "பாதுகாப்பு உடை போட மாட்டேங்குறாங்க, அலட்சியம்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அலட்சியம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள் அரை விநாடியில் காற்று நிறைந்துவிடும். கொரோனா காலத்தில் பிபிஇ கிட் போட்ட செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள். நஞ்சு உள்ளே வராமல், ஆவி மட்டும் வெளியே போகிற, கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில் ஓர் உடை வேண்டும். இவ்வளவு வேளாண் ஆராய்ச்சி நடக்கும் நாட்டில், விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்காவது அந்த உடைக்குப் போக வேண்டும்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. விண்வெளி வீரர் போடுவதும் முழுக்க மூடிய உடைதான். அவர் உள்ளே அணியும் ஆடையில் சுமார் 90 மீட்டர் மெல்லிய குழாய் ஓடுகிறது. அதில் சுற்றும் தண்ணீர் உடம்பின் வெப்பத்தை வாங்கி முதுகுப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. அந்தப் பெட்டியில் நுண்துளைத் தகடு ஒன்று. அதில் கசியும் நீர் பனியாக உறைந்து, வெற்றிடத்துக்குள் நேரடியாக ஆவியாகப் போகிறது. நம் மண்பானையைத்தான் முதுகில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்! வெளியே மூலக்கூறுகளே ஏறக்குறைய இல்லாததால், திரும்பி வர அங்கே எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

இளையவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புது உடை வரையத் தொடங்கினான். இடுப்புக்குக் கீழே திறப்பு, முதுகில் துருத்தி மாதிரி மடிப்பு. "அந்த ஓட்டையில கத்தி இறங்குமேடா" என்று மூத்தவன் மறுபடியும் ஆரம்பித்தான்.

கை கால் கழுவிவிட்டு வந்த அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார். "முதுகுல ஏண்டா வைக்கிறே? கக்கத்துல விடு. கையைத் தூக்கினாத்தான் தொறக்கும், எறக்கினா மூடிக்கும்."

மூத்தவன் அவனிடமிருந்து பென்சிலை வாங்கி, முதுகில் இருந்ததை அழித்தான்.