உடம்புக்குத்தான் பயம்

"எனக்குப் பயம் இல்லை, இந்த உடம்புக்குத்தான் பயம்" என்றார் அவர். அறுபதைத் தாண்டிய கடற்றொழிலாளர். நிலாவெளி வீதியில் பாரமேற்றிய லொறி உறுமிக்கொண்டு வந்தால் போதும். கையிலுள்ள தேநீர் தளும்பும், கால்கள் தாமாகவே வாசலுக்கு நகரும். 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி அலைக்குச் சற்று முன் அவர் கேட்டது அப்படியோர் இரைச்சல். அது அப்படியே நினைவிருக்கிறது. எந்த ஒழுங்கையால் ஓடினார், மகளைத் தூக்கியது யார் என்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

திருகோணமலையில் உளவளத்துணையாளராக இருக்கும் நான் படித்த பாடநூல்கள்கூட இவ்வளவு திருத்தமாகச் சொன்னதில்லை.

மூளையின் ஆழத்தில் இருபுறமும் பாதாம் பருப்பளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அது. அதை அடுத்துள்ள ஹிப்போகாம்பஸ், எங்கே, எப்போது, யார் என்று கோவைப்படுத்தும். ஆபத்து வேளையில் சுரக்கும் ஹோர்மோன்கள் அமிக்டலாவை முடுக்கிவிட, அந்தக் கணத்தின் சத்தமும் மணமும் ஆழப் பதிகின்றன. பயம் எல்லை மீறினால் ஹிப்போகாம்பஸின் கோவை குழம்பிப்போகலாம். பிறகு ஓரளவு ஒத்த சத்தமே போதும். லொறியா கடலா என்று அமிக்டலா நின்று விசாரிப்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

1911இல் ஜெனீவா உளவியலாளர் எடுவார் கிளப்பரேட் எழுதிய சம்பவமொன்று உண்டு. கொடூரமானதுதான். புதிதாக எதையும் நினைவில் வைத்திருக்க இயலாத ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கும்போது, தம் விரல்களுக்கிடையே மறைத்த ஊசியால் குத்தினார். அடுத்த முறை அவர் கை நீட்ட, அப்பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். ஊசி குத்தியது அவருக்கு நினைவில் இல்லை.

ஆகவே "மறந்துவிடுங்கள்" என்ற ஆறுதலால் பயனில்லை. அனர்த்தம் முடிந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லும்படி வற்புறுத்துவதும் தவறு. உலக சுகாதார அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை.

அவருக்கு லொறிச் சத்தத்தைக் கைபேசியில் மெதுவாக ஒலிக்கவிட்டுத் தொடங்கினோம். பிறகு வீதியோரத்தில் என்னோடு, பிறகு தனியாக. (பயிற்சி பெற்றவர் துணையின்றி இதைச் செய்துபார்க்க வேண்டாம்.) ஆறாம் வாரம் நிலாவெளி வீதியில் கை நடுங்கவில்லை. ஆனால் அநுராதபுரச் சந்தியில் ஒரு லொறி வந்தது; எல்லாம் வீணாகிவிட்டது என்று தலைகுனிந்து வந்து நின்றார்.

வீணாகவில்லை. பழைய பயம் அழிவதில்லை. பக்கத்தில் 'இது ஆபத்தில்லை' என்ற புதிய நினைவொன்று வளர்கிறது. அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. அதனால் இப்போது சந்தி சந்தியாகப் பழகுகிறோம்.

இத்தகைய தொல்லை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தளும்புமென்று அவர் மனைவி முன்பு அரைக் கோப்பைதான் தேநீர் ஊற்றுவாராம். போன கிழமையிலிருந்து முக்கால் கோப்பை.